மூன்றாவது செம்பு

மூன்றாவது தடவையும் ஊற்றினார். நான் பார்த்தேன். அடுப்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன், அங்கிருந்து பார்த்தால் ஹால் ஜன்னலும் அதற்குக் கீழே இருக்கிற குரோட்டன்ஸ் செடியும் நேராகத் தெரியும், மறைக்க ஒன்றும் கிடையாது, அதனால் சரியாகப் பார்க்கவில்லை என்று இப்போது நானே எனக்குச் சொல்லிக்கொள்ள முடியாது. முதல் தடவை செம்பில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனார், ஊற்றினார், செம்பைக் கொண்டுவந்து கவிழ்த்துவிட்டுப் பேப்பரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். அது தினமும் நடப்பது. ஒரு பக்கம்கூடப் புரட்டியிருக்க மாட்டார், எழுந்து வந்தார், அதே செம்பை எடுத்தார், பிடித்தார், ஊற்றினார். சரி, வெயில் ஏறுகிறது, கொஞ்சம் கூடுதலாக வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன், நினைத்துக்கொண்டேனா, இல்லை, அப்படி நினைத்துக்கொள்ள வேண்டும் என்று என்னையே பிடித்துத் தள்ளினேன், பூச்சி அரித்த இலையை முறத்தில் வைத்துக்கொண்டு நல்ல இலையைக் குப்பையில் போட்டுக்கொண்டிருந்தேன். மூன்றாவது தடவை வந்தபோது முகத்தைப் பார்த்துவிட்டேன். ஏதோ யோசனையில் மறுபடி வந்துவிட்ட முகமாக இருந்திருந்தால் திட்டித் தீர்த்துவிட்டு இந்நேரம் நானும் ஒரு தூக்கம் போட்டிருப்பேன். அது செடியை அன்றைக்கு முதல் தடவையாகப் பார்க்கிறவரின் முகம். குனிந்து, "தாகமா இருக்குதா சாமி" என்று அதனிடம் கேட்டார், குழந்தைகளிடம் கேட்கிற அதே குரலில், கேட்டுவிட்டுச் செம்பு முழுக்க ஊற்றினார். தொட்டிக்கு அடியில் வைத்த தட்டு நிரம்பி வழிந்து தரையில் ஓடியது. அப்போதுதான் அதைச் சொன்னார். "ஏம்புள்ள, இங்க தண்ணி கொட்டிக் கெடக்குது பாரு, வழுக்கி உளுந்துராத." நான் துணியை எடுத்துவந்து துடைத்தேன். வேறு ஒரு நாளாக இருந்தால் இந்தக் குடியிருப்பே கேட்கிற மாதிரிக் கத்தியிருப்பேன், என் வாய்க்குப் பேர் உண்டு, இன்றைக்கு அந்த வாய் திறக்கவில்லை.

இப்போது உள்ளறையில் தூங்குகிறார். சாப்பிட்டால் ஒரு தூக்கம், பின்னால் இருக்கிற மில்லில் மூன்று மணிச் சங்கு ஊதினால் எழுந்திருப்பார், முகம் கழுவுவார், காக்கிச் சட்டையைப் போடுவார், கதவுக்குப் பக்கத்து ஆணியில் இருக்கிற வேன் சாவியைப் பார்க்காமலேயே கையை நீட்டி எடுப்பார், பள்ளிக்கூடம் விடுவதற்கு முன்னால் கேட்டில் நிற்பார். எத்தனை வருஷமாக. எனக்குத் தாலி கட்டினபோது லாரி, பிறகு மில் பஸ், இப்போது இந்தக் குழந்தைகள் வேன். சங்குக்கு இன்னும் நேரம் இருக்கிறது, எவ்வளவு நேரம் என்று கடிகாரத்தைப் பார்க்கக்கூடாது என்று வைத்திருக்கிறேன், பார்த்தால் முள் ஓடுகிறது, பார்க்காவிட்டால் நிற்கிறது. குறட்டை வருகிறது, ஒழுங்கான குறட்டை, ஒரு குறையும் இல்லாத மனுஷனின் குறட்டை. சாப்பிடும்போது நன்றாகத்தான் பேசினார். கீரையில் உப்புச் சரியாக இருக்கிறது என்றார், கீழ்வீட்டு அபிராமியின் மாமனாருக்குக் கண் ஆபரேஷன் என்றைக்கு என்று கேட்டார், அது எனக்கே மறந்திருந்தது, வெள்ளிக்கிழமை என்று அவரே சொன்னார். பார்த்தாயா வசந்தாமணி, வெள்ளிக்கிழமை என்று அவரே சொன்னார். அப்புறம் என்ன. நீ குக்கர் விசிலை எண்ண மறந்து எத்தனை நாள் பருப்பைக் குழைத்திருக்கிறாய். கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டுக்கொண்டு வீடெல்லாம் கண்ணாடியைத் தேடியிருக்கிறாய். ஒரு செடிக்கு இரண்டு செம்பு தண்ணீர் கூடப் போனதற்கா இந்தக் கலவரம். ஆனால் அந்த முகம். எங்கே சுற்றிப் போனாலும் அந்த முகத்தில் வந்து இடித்துக்கொள்கிறேன்.

செடிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருக்கிறேன். மண்ணிலிருந்து ஒரு புளித்த வாடை வருகிறது, மூடிவைத்த ஈரத்துணி வாடை. சின்னச் சின்னக் கொசு மாதிரி ஏதோ பறக்கிறது. அடி இலைகள் பழுத்துத் தொங்குகின்றன, தொட்டால் கையோடு வந்துவிடுகின்றன. ஒரு மாதமாகவே இப்படித்தான். ஒரு மாதமாக நான் என்னவெல்லாம் காரணம் சொன்னேன். ஜன்னலுக்குப் புதுத் திரை போட்டதால் வெளிச்சம் போதவில்லை என்றேன், திரையைக் கழற்றினேன். இலைக்கு அடியில் செம்பேன் பூச்சி இருக்கும் என்றேன், வேப்பெண்ணெயைக் கரைத்துத் தெளித்தேன், வீடே நாறியது. கடைசியில் அபிராமி மேல் பழி போட்டேன். "ஏனுங்கம்மா, பச்சையில மஞ்சப் பெயிண்ட்டைத் தெளிச்சு விட்டாப்பல இருக்குதே, நெசமாவே செடிதானுங்களா" என்று அவள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்டாளே, கண் பட்டுவிட்டது என்று உப்பும் மிளகாயும் எடுத்து ஒரு செடிக்குச் சுற்றிப் போட்டவள் நான். இவர் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அப்படியே எனக்கும் ஒரு சுத்துச் சுத்தி வுடு புள்ள" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அதில் ஏதாவது இருந்ததா. இருந்திருந்தால் எனக்குத் தெரியாமலா போகும். வெளிச்சம், பூச்சி, கண் திருஷ்டி என்று ஊரையெல்லாம் சந்தேகப்பட்டேன், செம்பை மட்டும் சந்தேகப்படவில்லை, ஏனென்றால் செம்பு இவர் கையில் இருந்தது. இந்தச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற விஷயத்தில் இவர் தப்புச் செய்வார் என்று யார் நினைப்பார்கள். விரலை மண்ணில் இரண்டாவது ரேகைவரை விடாமல் செம்பைத் தொட்டதே கிடையாது. விரலில் மண் ஒட்டிக்கொண்டு வந்தால் தண்ணீர் கிடையாது, காய்ந்து உதிர்ந்தால் உண்டு. எனக்கும் சொல்லிக்கொடுத்தார், எனக்குப் பொறுமை இல்லை, நகத்துக்குள் மண் போகிறது என்று விட்டுவிட்டேன். இன்று காலையில் விரலை விட்டாரா. முதல் தடவை விட்டார். இரண்டாவது தடவை? மூன்றாவது தடவை விடவில்லை, அது நிச்சயம், கேள்விதான் கேட்டார், தாகமா இருக்குதா சாமி என்று.

அந்தப் பள்ளிக்கூடத்துக் கேட்டிலிருந்து வந்ததுதான் இது. கேட்டிலிருந்து அலுவலகம்வரை இரண்டு பக்கமும் குரோட்டன்ஸ் வேலியாக நின்றது, சிமென்ட் கல் பதிக்கிறோம் என்று வேரோடு பிடுங்கிக் குவித்துவிட்டார்கள், குழந்தைகளை இறக்கிவிட்டு இவர் அந்தக் குவியலில் புகுந்து ஒன்றை எடுத்து ஒரு பெயிண்ட் வாளியில் நட்டு வேனின் முன்சீட்டில் வைத்துக் கொண்டுவந்தார். நான் சும்மா விடுவேனா. "பூவாச்சும் பூக்குதா, காயாச்சும் காய்க்குதா, கருவேப்பில கொண்டாந்தாலும் ரசத்துக்காகும்" என்று ஒரு பிடி பிடித்தேன். "எல்லாக் காலத்துலயும் எலை இருக்கும் புள்ள, அது போதாதா" என்றார். வந்த வாரமே அத்தனை இலையும் கொட்டிவிட்டது, தினம் காலையில் ஹாலைக் கூட்டினால் முறம் நிறைய இலை, எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்கூட, சொன்னேன் அல்லவா என்று. இவர் அசையவில்லை. "எடம் மாத்துனா கோவிச்சுக்கிட்டு எலையெல்லாம் கொட்டிப்போடும். வெளிச்சத்துல வெச்சுட்டு நச்சரிக்காம உடோணும். தானா வரும்." மொட்டைக் குச்சியாக நின்றதற்கு விரலை விட்டு விரலை விட்டுத் தண்ணீர் ஊற்றினார். வந்தது. முதலில் ஒரு மூக்கு, பிறகு இலை, இலை முழுக்க மஞ்சள் பொட்டு. ஞாயிற்றுக்கிழமை தோறும் தொட்டியைக் கொஞ்சம் திருப்பி வைப்பார், எல்லாப் பக்கமும் வெயில் பட வேண்டுமாம். பழைய பனியனை நனைத்து இலை இலையாகத் துடைப்பார், பழுத்த இலையைக் கிள்ளும்போது வடிகிற பால் பட்டு அந்தப் பனியன் முழுக்கத் துவைத்தாலும் போகாத கறை. பொறாமையாக இருந்தது என்று சொன்னால் சிரிப்பார்கள், இருந்தது. இப்போது உச்சியில் ஒரு புதுத் துளிர் வந்திருக்கிறது, வெறும் பச்சை, ஒரு பொட்டுகூடக் கிடையாது. பொட்டு வைக்க மறந்துவிட்டது போல என்று தோன்றுகிறது, சீ, இப்படியெல்லாம் நினைத்துக்கொண்டு போனால் எனக்குத்தான் முதலில் பைத்தியம் பிடிக்கும். வெளிச்சம் போதாவிட்டால் பச்சையாகத்தான் வரும், அதையும் இவர்தான் சொன்னார்.

குறட்டை நின்றுவிட்டது. எழுந்துவிட்டாரா. இல்லை, புரண்டு படுத்தார், கட்டில் சத்தம். மறுபடி குறட்டை. என்ன செய்யப் போகிறேன். மயில்சாமிக்குப் போன் போடலாம். இவருக்குக் காய்ச்சல் வந்த நாட்களில் அவன்தான் வேனை எடுத்துப் போவான், பக்கத்துத் தெருதான், கூப்பிட்டால் வந்துவிடுவான். என்ன சொல்வது. அண்ணனுக்கு உடம்பு சரியில்லை என்றால் பார்த்துவிட்டுப் போகிறேன் என்று மேலே வருவான், இவர் டீயை உறிஞ்சிக்கொண்டு ஜம்மென்று உட்கார்ந்திருப்பார். உண்மையைச் சொன்னால்? மூன்று தடவை தண்ணீர் ஊற்றினார் மயில்சாமி, அதனால் இனிமேல் வேன் ஓட்ட வேண்டாம் என்று சொல்லவா. சிரிப்பான். சிரித்துவிட்டு வேன் ஸ்டாண்டில் சொல்வான், அங்கிருந்து குழந்தைகளின் அம்மாக்கள் வைத்திருக்கிற வாட்ஸ்அப் குரூப்புக்குப் போகும், நாளைக் காலையில் ஒரு குழந்தையும் இந்த வேனில் ஏறாது. இவர் வாசலில் ஹாரன் அடித்துவிட்டு நின்றுகொண்டிருப்பார். ஸ்டியரிங் இல்லாவிட்டால் இவர் யார். எனக்குத் தெரியவில்லை, சத்தியமாகத் தெரியவில்லை, கல்யாணத்தன்றைக்கே லாரியில்தான் என்னைக் கூட்டிக்கொண்டு வந்தார். காலையிலேயே மகள் சுகந்திக்குப் போன் போட்டேன், சமைத்துக்கொண்டே. ஓசூரில் ஆபீஸில் இருந்தாள். "அம்மா, அப்பாவுக்கு வயசாகுதும்மா, எல்லாருக்கும்தான் மறக்குது, நீ சும்மா பயந்துக்காத. தீபாவளிக்கு வரப்ப ஒரு டாக்டர்கிட்டக் காட்டிக்கலாம்." தீபாவளி எங்கே இருக்கிறது, இன்றைக்குச் சாயங்காலம் எங்கே இருக்கிறது. மகளிடம் கோபப்பட்டு என்ன, நான் அவளிடம் சொன்னதும் தண்ணீர்ச் செம்பை மட்டும்தான். அடுத்ததைச் சொல்லவில்லை. அதை இன்னும் எனக்கே சொல்லிக்கொள்ளவில்லை, தள்ளிக்கொண்டே வருகிறேன்.

யாழினி சொன்னது. அபிராமியின் மகள், ஒன்றாம் வகுப்பு, முன்சீட்டில் இவர் பக்கத்தில்தான் உட்காருவேன் என்று அடம் பிடிக்கிறவள், இவர் தோளில் கிடக்கிற துண்டின் நுனியைப் பிடித்துக்கொண்டேதான் வருவாளாம். போன வாரம் மாடிப்படியில் என்னைப் பிடித்துக்கொண்டாள். "வேன் பாட்டி, வேன் தாத்தா எங்களுக்கு ஒரு வெளையாட்டு வெச்சிருக்காரு, தெரியுமா? எந்த ரோட்டுல திரும்போணும்னு நாங்கதான் சொல்லோணும். கரெக்டாச் சொன்னா முட்டாய்." நான் சிரித்தேன். அவள் கன்னத்தைக் கிள்ளி, "நீ கரெக்டாச் சொன்னியா சாமி?" என்று கேட்டேன். "எப்பவும் நாந்தான் ஃபர்ஸ்ட்டு" என்றாள். அன்றைக்கு முழுக்க அதை நினைத்து நினைத்துச் சிரித்தேன், கிழவனுக்கு விளையாட்டைப் பார் என்று. விளையாட்டுத்தானே. குழந்தைகளுக்கு வழி தெரிந்திருக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பவர்தான், அவருக்கு அந்தக் குணம் உண்டு. மூன்றாவது செம்புக்கு முன்னால் அது விளையாட்டாகத்தான் இருந்தது. மூன்றாவது செம்புக்கு அப்புறம் யாழினியின் குரல் காதுக்குள் வேறு மாதிரிக் கேட்கிறது. எந்த ரோட்டில் திரும்ப வேண்டும். ரயில்வே கேட்டைத் தாண்டி இடது பக்கம் திரும்ப வேண்டும், வலது பக்கம் திரும்பினால் பைபாஸ், லாரிகள் பேய் வேகத்தில் வரும். எனக்கே தெரியும். வண்டி ஓட்டத் தெரியாத எனக்கே தெரியும். அவளுக்கு ஜலதோஷம் வந்து ஒரு நாள் லீவு போட்டால் யார் சொல்வார்கள். பின்சீட்டில் தூங்கிப்போகிற அந்தச் சுருட்டை முடிப் பையனை யார் எழுப்புவார்கள். எல்லாரையும் இறக்கிவிட்டுக் கடைசி சீட்டுவரை குனிந்து பார்த்துவிட்டுத்தான் கதவைப் பூட்டுவார், சீட்டுக்கு அடியில்கூடப் பார்ப்பார், அதையும் ஒரு நாள் மறந்தால், வெயிலில், கண்ணாடியெல்லாம் ஏற்றிய வேனில், வேண்டாம், வேண்டாம், தாயே, நினைக்கவே கூடாது. நினைத்துவிட்டேன். இனி என்னால் நினைக்காதவளாக ஆக முடியாது.

எழுந்தேன். ஆணியிலிருந்து சாவியை எடுத்தேன். மருதமலையில் வாங்கிய, முருகன் வேல் தொங்கும் வளையத்தோடு கையில் கனத்தது. எடுத்த பிறகு எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அரிசி டப்பாவில் வைத்தால் தேடுவார், சாமி அலமாரியில் வைத்தால் சட்டையை மாட்டியதும் விபூதி எடுக்க அங்கேதான் போவார், ரவிக்கைக்குள் வைத்தால் என் முகமே காட்டிக்கொடுத்துவிடும், எனக்கு மறைக்கத் தெரியாது, கத்தத்தான் தெரியும். அப்போது உள்ளே கட்டில் கிறீச்சிட்டது, இருமல் சத்தம், கால் தரையில் வைக்கிற சத்தம், சங்கு ஊதுவதற்கு முன்னாலேயே எழுந்துவிட்டாரா, அந்த நேரத்தில் சங்கும் ஊதிவிட்டது, என் உடம்பெல்லாம் தூக்கிப் போட்டது. குனிந்து சாவியைத் தொட்டி மண்ணுக்குள் அழுத்தினேன். மூன்று செம்பு தண்ணீர் குடித்த மண், சேறு, ஒரு சத்தமும் இல்லாமல் சாவியை விழுங்கிக்கொண்டது. பழுத்த இலை ஒன்றை மேலே போட்டேன். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றேன்.

வந்தார். முகம் கழுவிய ஈரம், காக்கிச் சட்டையில் ஒரு பொத்தான்கூடத் தவறவில்லை, நெற்றியில் விபூதி, தோளில் துண்டு. "டீ வேண்டாம் புள்ள, வந்து குடிக்கறேன்" என்றார். கை ஆணிக்குப் போனது, கண் போகவில்லை, கை மட்டும். வெறும் ஆணியைத் தொட்டுவிட்டு அந்தக் கை கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது.

"சாவியப் பாத்தியா?"

"இல்லீங்க."

கழற்றிப் போட்ட வேட்டியை உதறினார். நேற்றைய சட்டைப் பையில் பார்த்தார். தலையணையைத் தூக்கினார். சாமி அலமாரியில் படத்துக்குப் பின்னால் கையை விட்டார். கத்துவார் என்று நினைத்தேன், வீட்ல ஒரு சாமானம் வெச்ச எடத்துல இருக்குதா என்று ஒரு சத்தம் போட்டுவிட்டால் நானும் பதிலுக்குச் சத்தம் போடலாம், சண்டையில் நேரம் போய்விடும், மயில்சாமியைக் கூப்பிடச் சொல்லலாம் என்று என் புத்தி ஓடியது. அவர் சத்தம் போடவில்லை. அடுப்படிக்குப் போனார். பிரிட்ஜைத் திறந்தார். தயிர்ப் பாத்திரத்தைத் தள்ளிப் பார்த்தார், முட்டை வைக்கிற இடத்தைப் பார்த்தார். சாவியைத் தேடி ஒருவர் பிரிட்ஜைத் திறக்கிறார் என்றால் தன்னைப் பற்றி அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கிறது. கதவை மெதுவாக மூடிவிட்டு என் முன்னால் வந்து நின்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை, என் தோளுக்கு மேலே எங்கோ பார்த்துக்கொண்டு கேட்டார்.

"நான் காலையில வந்ததும் ஆணியில மாட்டுனனா புள்ள? மாட்டுனாப்பலதான் இருக்குது. நீ பாத்தியா?"

பார்க்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தையில் வேன் இன்றைக்கு நின்றுவிடும், நாளைக்கும் நிற்கும், சாவி வைத்த இடம் மறந்தவனுக்கு எதற்கு வண்டி என்று அவரே சொல்லிவிடுவார். ஆனால் அவர் மாட்டினார். உள்ளே வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் ஆணியில் மாட்டினார், மாட்டியது அவருக்கு நினைவும் இருக்கிறது, சரியாக இருக்கிற அந்த ஒன்றையும் பிடுங்கிக்கொள்ள நான் நிற்கிறேன். எனக்கு என் மேலேயே அருவருப்பு வந்தது.

"மாட்டுனீங்க" என்றேன். "நான் பாத்தனுங்க. வந்ததும் மாட்டுனீங்க."

மூச்சை விட்டார். சட்டைக்குள் தோள் இறங்குவது தெரிந்தது. "அப்ப எங்க போயிருக்கும்?"

என் கண் என்னைக் கேட்காமல் தொட்டிக்குப் போய்விட்டது. அவரும் பார்த்தார். மேலே கிடந்த பழுத்த இலையைப் பார்த்தார், போய்க் குனிந்து அதை எடுத்தார், எடுத்த கை சும்மா வரவில்லை, இத்தனை வருஷப் பழக்கத்தில் விரலை மண்ணுக்குள் விட்டது. தினம் விரல் விட்டுப் பார்க்கிறவரின் தொட்டியில் போய்ச் சாவியைப் புதைத்த முட்டாள் நான் ஒருத்திதான் இருப்பேன்.

"ஏம்புள்ள, சேறாட்ட இருக்குது. ஆரு இதுக்கு இத்தன தண்ணி ஊத்துனது?"

திரும்பி என்னைப் பார்த்துக் கேட்டார், நிஜமாகத் தெரியாமல், கொஞ்சம் கோபத்தோடு.

"நீங்கதாங்க."

"நானா? எப்போ?"

"காலையில. மூணு தடவ ஊத்துனீங்க."

இல்லை என்று சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. விரல் மண்ணுக்குள்ளேயே இருந்தது, அது எதையோ தொட்டு நின்றது எனக்குத் தெரிந்தது, அவர் முகத்தில் தெரிந்தது. சேற்றோடு சாவியை வெளியே எடுத்தார். துண்டின் நுனியால் வேலைத் துடைத்தார், வளையத்தைத் துடைத்தார், பற்களுக்கு நடுவில் இருந்த மண்ணை நகத்தால் எடுத்தார். அவசரமே இல்லை.

"நீ வெச்சியா?"

"ஆமாங்க."

அப்படியே தொட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார், காக்கிச் சட்டை அழுக்காகும் என்றுகூடப் பார்க்காமல். நானும் உட்கார்ந்தேன். கீழே எந்த வீட்டிலோ மிக்ஸி ஓடி நின்றது.

"யாழினி உங்கிட்டச் சொல்லுச்சா? வழி சொல்ற வெளையாட்டுன்னு?"

"சொல்லுச்சுங்க."

"வெளையாட்டு இல்ல புள்ள."

நான் அழவில்லை. அழுதால் அவர் எனக்கு ஆறுதல் சொல்ல ஆரம்பித்துவிடுவார், அதற்கு நேரம் இல்லை. சாவியை என் உள்ளங்கையில் வைத்து என் விரல்களை அவரே மடக்கிவிட்டார். "மயில்சாமிக்குப் போன் போடு. அவன் ஓட்டட்டும். நான் பக்கத்துல உக்காந்துட்டுப் போறேன், புள்ளைங்க தேடும். கடைசி சீட்டு வரைக்கும் பாத்து எறக்கோணும், அவனுக்கு அந்தப் பழக்கம் பத்தாது, நான் சொல்லிக் குடுக்கோணும்." குரல் சரியாகத்தான் இருந்தது. எழுந்திருக்கத் தொட்டியின் விளிம்பைப் பிடித்தார், செடி ஆடி இன்னும் இரண்டு இலை விழுந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நாளையில இருந்து நான் செம்பத் தூக்குனா, ஊத்தியாச்சுன்னு சொல்லு. மறுக்காத் தூக்குனாலும் சொல்லு. எத்தன தடவ கேட்டாலும் சொல்லு." பிறகு கொஞ்சம் தயங்கி, "சலிச்சுக்காத" என்றார்.

வேறு எதைச் சொல்லியிருந்தாலும் தாங்கியிருப்பேன். உப்பு எங்கே என்று இரண்டாவது தடவை கேட்டாலே, கண்ணு என்ன பொடனியிலயா இருக்குது என்று கேட்கிறவள் நான். அவருக்குத் தெரியும். இந்த ஒரு மாதமாக அவர் மறந்தது எதையும் என்னிடம் கேட்காமல் இருந்திருக்கிறார், வழியைக்கூட ஒன்றாம் வகுப்புக் குழந்தையிடம்தான் கேட்டிருக்கிறார், என்னிடம் கேட்கப் பயந்து. தலையை மட்டும் ஆட்டினேன். மயில்சாமிக்குப் போன் போட்டேன், அண்ணன் கூப்பிடறாருங்க என்று மட்டும் சொன்னேன், ஏன் எதற்கு என்று கேட்காமல் வந்தான், கீழே நின்று, நான் ஜன்னல் வழியாகப் போட்ட சாவியைப் பிடித்துக்கொண்டான். இவர் செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்கினார். நான் தொட்டியைச் சாய்த்துப் பிடித்தேன், பழுப்புத் தண்ணீர் நிற்காமல் வடிந்தது. முதல் திருப்பத்தில் காலடிச் சத்தம் நின்றது. திரும்பி ஏறி வந்தார். துண்டை மறந்துவிட்டாரோ என்று பார்த்தேன், துண்டு தோளில்தான் இருந்தது. வாசற்படியில் நின்று தலையை மட்டும் உள்ளே நீட்டினார்.

"ஏம்புள்ள, செடிக்குத் தண்ணி ஊத்தோணுமல்ல?"

"ஊத்தியாச்சுங்க" என்றேன்.

"ஊத்தியாச்சா? செரி" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.